சட்டை போட்ட படம்

நான் எடுத்த படங்களில் பரிசு வாங்கியது ஒன்றே ஒன்று. அதை வீட்டில் எங்கும் மாட்டவில்லை. பீரோவில் பழைய வேட்டிகளுக்கு அடியில் குப்புறக் கிடக்கிறது. யாராவது விஷயம் தெரிந்து வந்து அந்தப் படத்தைக் காட்டச் சொன்னால், கரையான் அரித்துவிட்டது என்று சொல்லிவிடுவேன். இந்தப் பொய் எனக்குச் சரளமாக வரும். இதைவிடப் பெரிய பொய்யை அந்தப் படத்தை எடுத்த அன்றைக்கே சொல்லிப் பழகியவன் நான்.

அப்போது யுத்த காலம். வைகைக்கு வடக்கே கோரிப்பாளையத்தில் என் மாமா ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தார். மாமா என்றால் என் அத்தையின் கணவர். எனக்கு இருபத்தாறு வயது. திருமங்கலத்துக்கு மேற்கே எங்களுக்கு நிலபுலன் இருந்தது. மண்வெட்டி பிடிக்கச் சோம்பல்பட்டுக் கேமரா பிடிக்க வந்தவன் என்று என் அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

மாமாவின் ஸ்டூடியோவில் ஒரு திரை தொங்கும். அதில் அரண்மனைத் தூண், மாடிப்படி, பின்னால் ஒரு குளம், குளத்தில் இரண்டு அன்னம். அந்த மாடிப்படியின் முன்னால் நிற்காத ஆள் கோரிப்பாளையத்தில் இல்லை. வருகிறவர்கள் போட்டுக்கொள்ள ஒரு கறுப்புக் கோட்டும் இருந்தது. ஒல்லியானவர் போட்டால் முதுகுப் பக்கம் குண்டூசி குத்தி இறுக்குவார் மாமா. குண்டானவருக்கென்றே முதுகுத் தையலைப் பிரித்து நாடா வைத்திருந்தார். முன்பக்கம்தானே படத்தில் தெரியும் என்பார். படம் கழுவி வந்த பிறகு நெகட்டிவில் பென்சிலால் அம்மைத் தழும்பை மறைப்பார். பிரிண்டில் மெல்லிய தூரிகையால் சங்கிலி போடுவார், வளையல் போடுவார், கைக்கடிகாரம் கட்டுவார். சட்டையில்லாமல் வந்தவருக்குச் சட்டை போட்டுவிட்டதும் உண்டு. இந்த வேலையை எனக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார். என் கை அவர் கையைவிடச் சுத்தம் என்று பேர்.

எனக்கோ அந்த வேலையைக் கண்டாலே குமட்டியது. காரணம் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்து கிடந்த வெளிநாட்டுப் பத்திரிகைகள். அவற்றில் சுரங்கத்திலிருந்து கரி படிந்த முகத்தோடு ஏறி வருகிறவர்கள், மீன் கூடையோடு மழையில் நிற்கிற பெண்கள், சூப்பு வாங்க வரிசையில் நிற்கிற கிழவர்கள் என்று படம் படமாக இருந்தது. திரையும் இல்லை, கோட்டும் இல்லை. இருக்கிறதை இருக்கிறபடி எடுத்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு எனக்குத் தலைகால் புரியவில்லை. இனிமேல் எடுத்தால் அசல் மனிதர்களைத்தான் எடுப்பது என்று சபதம் செய்துகொண்டேன். மாமாவை வேஷம் கட்டுகிறவர் என்று அவர் காதுபடவே கேலி செய்தேன். அவர் சிரித்துக்கொண்டு தூரிகையைத் துடைப்பார். வருகிறவர்கள் எப்படித் தெரிய ஆசைப்படுகிறார்களோ அப்படி எடுத்துக் கொடுப்பதில் என்ன குற்றம் என்று கேட்பார். பதில் சொல்லவே தகுதியில்லாத கேள்வி என்பதுபோல் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில் சென்னை வாரப் பத்திரிகை ஒன்று போட்டி அறிவித்தது. நாட்டுப்புற மக்களின் வாழ்க்கையை உள்ளபடி காட்டும் படம் வேண்டும், ஜோடனை எதுவும் கூடாது என்று போட்டிருந்தார்கள். எனக்கென்றே எழுதியதுபோல் இருந்தது. பிலிம் அப்போது குதிரைக்கொம்பு. ரயில்வேயில் வேலை பார்த்த ஒரு சிநேகிதனைக் கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு சுருள் வாங்கினேன். மொத்தம் எட்டுப் படம் வரும். என் மடக்குக் கேமராவில் அதை மாட்டிக்கொண்டு, பெட்ரோல் பஞ்சத்தில் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடிய அந்தக் காலத்துப் பஸ்ஸில் திருமங்கலம் போய் இறங்கினேன். அங்கிருந்து மேற்கே நடந்தேன். எங்கள் ஊர்ப்பக்கம் போகாமல் வேறு ஊராகப் பார்த்துப் போனேன். எங்கள் ஊரில் என்னைப் பார்த்தால் எல்லோரும் படத்துக்கு நிற்கிற மாதிரி நிற்பார்கள் என்று பயம்.

மற்ற ஊரிலும் அப்படித்தான் நின்றார்கள். கிணற்றில் மாடு கட்டிக் கமலை இறைக்கிறவரை எடுக்கப் போனால் மாட்டை நிறுத்திவிட்டுத் தலைப்பாகையைச் சரி செய்துகொண்டு விறைப்பாக நிற்கிறார். களை எடுக்கிற பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குனிந்துவிட்டார்கள். சந்தைக்குப் போகிற வண்டிக்காரர் வண்டியை நிறுத்தி என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினார். மத்தியானத்துக்குள் ஏழு படம் போய்விட்டது. ஏழும் மாமா எடுக்கிற படம்தான், பின்னால் அன்னம் மட்டும் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மிச்சம் ஒன்று இருந்தது.

கண்மாய்க்குக் கீழே ஒருவர் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது ஐம்பத்தைந்து வயதிருக்கும். முழங்காலுக்கு மேலே ஒரு வேட்டி, இடுப்பில் ஒரு துண்டு, அவ்வளவுதான். விலா எலும்புகளை எண்ணலாம். வியர்வை முதுகில் வழிந்து ஓடியது. இவர்தான் என்று நினைத்தேன். கண்மாய்க்கரையில் கருவேல மரத்தடியில் உட்கார்ந்து, வெயில் கொஞ்சம் சாயட்டும், அவருக்குத் தெரியாமல் எடுத்துவிடலாம் என்று காத்திருந்தேன். நடுவில் கண் அயர்ந்துவிட்டேன்.

விழித்தபோது வாய்க்காலில் ஆள் இல்லை. நான் பதறி எழுந்தால், அவர் என் முன்னாலேயே நிற்கிறார். ஆனால் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கழுத்துவரை பொத்தான். மடிப்புக் கலையாத புதுச் சட்டை. தலையைத் தண்ணீர் தொட்டுப் படிய வாரியிருந்தார். என் அசல் மனிதர் போயே போய்விட்டார் என்று எனக்கு அழுகையே வந்தது.

இப்போது அவரை அவர் என்று எழுதுகிறேன். அன்றைக்கு, என் அப்பா வயதுள்ள அந்த மனிதரை, "என்னப்பா, என்ன வேணும்?" என்றுதான் கேட்டேன். எங்கள் வீட்டில் கூலிக்காரர்களிடம் அப்படித்தான் பேசுவோம். எனக்கு வேறு பேச்சுத் தெரியாது.

"சாமி, ஒரு படம் புடிக்கணும். பட்டாளத்துல இருக்கிற மகன் கேட்டிருக்கான்."

விஷயத்தை அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ஒரே மகன். வடக்கே பர்மா எல்லைப் பக்கம் இருக்கிறான். சம்பளத்தில் மிச்சம் பிடித்து அனுப்பி, அப்பா சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும் என்று காகிதம் எழுதியிருக்கிறான். இரண்டு காகிதத்தில் இதையே எழுதிவிட்டான். கூட இருக்கிறவர்களிடம் எல்லாம் அவரவர் அப்பன் ஆத்தாள் படம் இருக்கிறது, தன்னிடம் இல்லை என்றும் எழுதியிருக்கிறான். சட்டை தைத்து நாலு மாதமாகிறது. அவர்கள் தெருக்காரர் யாரும் சட்டை போட்டு ஊருக்குள் நடக்க வழியில்லை. துண்டைக்கூடத் தோளில் போடக்கூடாது. இடுப்பிலோ கக்கத்திலோதான் இருக்க வேண்டும். அதனால் என்னைக் கேமராவோடு பார்த்ததும் வீட்டுக்கு ஓடி, சட்டையை மடித்துத் துணிக்குள் வைத்து எடுத்துவந்து, கண்மாயைத் தாண்டிய பிறகு போட்டுக்கொண்டு வந்திருந்தார். மேலத்தெருக்காரர் யாராவது வருவதற்குள் எடுத்துவிட்டால் தேவலை என்றார். சொல்லிக்கொண்டே கரையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

இதை எல்லாம் நான் கேட்டேன். காது கேட்டது. மனசு எட்டாவது படத்தில் இருந்தது.

"சட்டையக் கழட்டுப்பா" என்றேன். "மொதல்ல சட்டையில்லாம ஒண்ணு. அப்புறம் சட்டையோட ஒண்ணு."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. முகம் மட்டும் ஒரு கணம் தயங்கியது. பிறகு பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, சட்டையை மடித்து, மண் படாமல் ஒரு கல்லின் மேல் வைத்தார். கழற்றி முடித்ததும் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆள் மாறிப்போனார். தோள் இறங்கியது. முதுகு வளைந்தது. இரண்டு கைகளும் தாமாக மேலே ஏறி, மார்பின் குறுக்கே போய், எதிர்த் தோள்களைப் பிடித்துக்கொண்டன. இடுப்புத் துண்டு கக்கத்தில் போய் ஒடுங்கியது. கண் தாழ்ந்து என் செருப்பைப் பார்த்தது.

எங்கள் களத்துமேட்டில் நெல் அளக்கும்போது கூலிக்காரர்கள் இப்படித்தான் நிற்பார்கள். பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவன் நான். அதனால் எனக்கு அது இயல்பாகப் பட்டது. சட்டையோடு வந்து நின்றவர் வேஷம் என்றும், இதோ நிற்கிறவர்தான் அசல் என்றும் பட்டது. சட்டையைக் கழற்றச் சொன்னவன் மேலத்தெருச் சாயலில் ஒருவன், அதனால்தான் அந்தக் கைகள் மேலே ஏறின என்பது என் மண்டையில் ஏறவில்லை. ஏழு படத்துக்கு அலைந்த எரிச்சல் எல்லாம் பறந்துவிட்டது. வெயில் பக்கவாட்டில் விழுந்தது. எடுத்தேன்.

பிலிமை நகர்த்தச் சாவியைத் திருகினேன். கேமரா முதுகில் இருக்கிற சிவப்புக் கண்ணாடியில் அடுத்த எண் வர வேண்டும். வரவில்லை. வராது என்று எனக்குத் தெரியும். அதற்குள் அவர் சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்ள ஆரம்பித்திருந்தார். ஒரு பொத்தானை மாற்றிப் போட்டுவிட்டு, எல்லாவற்றையும் கழற்றி மறுபடி முதலிலிருந்து போட்டார். பழக்கமில்லாத விரல்கள். போட்டு முடித்து, கீழ் ஓரத்தை இழுத்துவிட்டு, நின்றார்.

எப்படி நின்றார் என்று சொல்கிறேன். காலைச் சேர்த்து வைத்துக்கொண்டார். கைகள் இரண்டையும் பக்கவாட்டில் நேராகத் தொங்கவிட்டார். மோவாயைத் தூக்கினார். மகன் விடுமுறையில் வந்தபோது பட்டாளத்தில் எப்படி நிற்பார்கள் என்று செய்து காட்டியிருப்பான் போலிருக்கிறது. பிறகு, இத்தனை பெரிய மனுஷத்தனம் தனக்கு எதற்கு என்பதுபோல், ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அதை அடக்கப் பார்த்தார். அடங்கவில்லை. என்னைப் பார்க்கவில்லை. கேமராவைக்கூடப் பார்க்கவில்லை. அதற்குப் பின்னால் எங்கேயோ இருந்த மகனைப் பார்த்தார்.

பிலிம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. சொன்னால், அப்படியானால் அந்த ஒன்றைச் சட்டையோடு எடுத்திருக்கலாமே சாமி என்று அவர் வாயால் கேட்கமாட்டார், கண்ணால் கேட்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தேன். காலிக் கேமராவைக் கண்ணுக்கு நேராக வைத்து, ஒரு கண்ணை மூடி, கிளிக் என்று அமுக்கினேன். ரொம்ப நன்றாக நடித்தேன். கொஞ்சம் இடப்பக்கம் திரும்பச் சொல்லிக் கையைக்கூட ஆட்டினேன்.

"விழுந்துருச்சா சாமி?"

"விழுந்துருச்சு" என்றேன்.

மகனின் விலாசம் இருந்த காகிதத்தைக் கிழிக்காமல் முழுசாக என்னிடம் கொடுத்தார். பிரிண்டை நேராகப் பட்டாளத்துக்கே அனுப்பிவிடுகிறேன் என்று நானும் வாங்கிக்கொண்டேன். ஸ்டூடியோ எங்கே இருக்கிறது என்று கேட்டார், சொன்னேன். சட்டையைக் கழற்றி மடித்துத் துணிக்குள் வைத்துக்கொண்டு, போகும்போது துண்டு நிறையப் பச்சைக் கடலை கொண்டுவந்து என் பையில் கொட்டினார். எம்புட்டு தூரம் நடந்து வந்தீகளோ என்றார். அந்தக் கடலையைப் பஸ்ஸில் உரித்துத் தின்றுகொண்டே ஊர் வந்து சேர்ந்தேன். நல்ல பால் பிடித்த கடலை. அன்றைக்கு எனக்கு ஒரு உறுத்தலும் இல்லை என்பதையும் எழுதிவிட வேண்டும்.

உறுத்தல் அவர் ஸ்டூடியோவுக்கு வந்த நாளில்தான் ஆரம்பித்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு காலை நேரம். நான் இருட்டறைக்குள் சிவப்பு விளக்கில் பிரிண்ட் போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே அந்தக் குரல் கேட்டது. படம் இன்னும் வந்து சேரவில்லை என்று மகன் எழுதியிருக்கிறான், என்ன ஏது என்று கேட்டுப் போக வந்தேன் என்று மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது. கதவு இடுக்கில் பார்த்தேன். சட்டை போட்டிருந்தார். ஊர் எல்லை தாண்டியதும் போட்டிருப்பார். மதுரை முழுக்க நடந்து, வைகை மணலைக் கடந்து, கோரிப்பாளையம் வரை சட்டையோடு வந்திருக்கிறார். நேராக நின்றுகொண்டிருந்தார்.

நான் கதவுத் தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் போட்டேன்.

நான் உள்ளே இருப்பது மாமாவுக்குத் தெரியும். கதவைப் பார்த்தார். நான் வரவில்லை என்றதும், மருமகன் வெளியே போயிருக்கிறான் என்று சொல்லிச் சமாளித்தார். சாயங்காலம்வரை வேண்டுமானாலும் காத்திருக்கிறேன் என்று அவர் வாசல் படிக்கட்டில் போய் உட்கார்ந்தார். எதிர் டீக்கடை பாய் இதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பெரியவரே, வெயில்ல ஏன் உக்காந்திருக்கீங்க, உள்ள வாங்க" என்று கூப்பிட்டது இருட்டறைவரை கேட்டது. இந்த எழுத்தில் இனி நானும் அவரைப் பெரியவர் என்றே சொல்கிறேன். அந்த மரியாதை என்னுடையது இல்லை. டீக்கடை பாயிடமிருந்து எடுத்துக்கொண்டது.

மத்தியானமாயிற்று. எனக்கு ஒன்றுக்கு முட்டியது. மருந்துத் தட்டுகளுக்கு நடுவில் வியர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். மாமாவுக்கு மனசு கேட்கவில்லை. திரும்ப வந்து நின்ற பெரியவரிடம், இதோ திரை இருக்கிறது, நானே ஒரு படம் எடுத்துத் தருகிறேன், நீங்கள் எதுவும் தர வேண்டாம் என்றார். எனக்குத் திக்கென்றது. அதோடு ஒரு நிம்மதியும் வந்தது. எடுத்துத் தொலைக்கட்டும், என் பொய்யும் மூடிப்போகும் என்று நினைத்தேன்.

"வேணாம் சாமி. சின்ன அய்யா ரெண்டு தடவை புடிச்சுட்டாரு. ஒவ்வொண்ணுக்கும் ஆயுசு குறையும்பாக. மூணாவது வேணாம். மகன் வாரவரைக்கும் இருக்கணும்ல."

படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று எங்கள் பக்கத்தில் பலர் நம்பினார்கள். நான் அதைக் கேலி செய்கிறவன். ஆனால் அவர் நம்பினார். நம்பிக்கொண்டே என் கேமரா முன்னால் இரண்டு தடவை நின்றிருக்கிறார். ஒன்று மகனுக்காக. இன்னொன்று, நான் சொன்னேன் என்பதற்காக. அவர் கணக்கில் இரண்டும் கழிந்துவிட்டன. கதவைத் திறந்துகொண்டு வந்து, இரண்டாவது விழவில்லை பெரியவரே, நான் பொய் சொன்னேன், அந்த ஆயுசு உங்களிடமே இருக்கிறது, வந்து நில்லுங்கள் என்று சொல்லியிருக்கலாம். கை தாழ்ப்பாள்வரை போனது. திரும்ப வந்துவிட்டது. பெரியவர் பள்ளிவாசலில் சாயங்கால அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை இருந்துவிட்டுப் போனார்.

மாமா அன்று என்னோடு பேசவில்லை. அடுத்த நாள் சாப்பிடும்போது, வெறும் கேமராவா என்று மட்டும் கேட்டார். தொழில்காரர், ஊகித்துவிட்டார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

படத்துக்குப் பரிசு வந்தது. வாரப் பத்திரிகையில் முழுப் பக்கத்துக்குப் போட்டு, கீழே மண்ணின் மைந்தன் என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். அதற்கடியில் என் பெயர். அவர் பெயர் இல்லை. நானே கேட்டு வைக்கவில்லை, அவர்கள் எங்கே போடுவார்கள்? வெள்ளிப் பதக்கம் ஒன்று அனுப்பினார்கள். மதுரையில் படித்தவர்கள் நாலு பேர் ஸ்டூடியோ தேடி வந்து கை குலுக்கினார்கள். இந்தக் கைகளைப் பாருங்கள், எவ்வளவு அடக்கம், எவ்வளவு உயிர் என்றார் ஒருவர். எனக்கு வெட்கமும் பெருமையும் சேர்ந்து வந்தன. பெருமைதான் முந்தியது. பெரிதாக ஒரு பிரிண்ட் போட்டு வாசல் கண்ணாடிப் பெட்டியில் நானே வைத்தேன்.

யுத்தம் முடிந்து சில மாதம் கழித்து ஒரு மத்தியானம், காக்கிக் காற்சட்டையும் பூட்சுமாக ஒருவர் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் வந்து நின்றார். ரொம்ப நேரம் நின்றார். எனக்கு யாரென்று புரிந்துவிட்டது. நிற்கிற நிலையிலேயே தெரிந்தது. கண்மாய்க்கரையில் கைகளைத் தொங்கவிட்டு நின்றாரே, அதே நிலை.

உள்ளே வந்து, "அண்ணே, அந்தப் படத்துல இருக்கிறது எங்கப்பா" என்றார். அவர் அப்பா என்னைச் சாமி என்றார், இவர் அண்ணே என்கிறார் என்று என் புத்தி ஒரு நொடி அதைத்தான் கவனித்தது. அவ்வளவு கேவலமான புத்தி.

பெரியவர் போன ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு இறந்துவிட்டாராம். மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. அந்தச் சட்டையைப் போட்டுத்தான் அடக்கம் செய்தார்களாம். உயிரோடு இருந்தவரை ஊருக்குள் அதை ஒரு நாளும் போடவில்லை என்றார். இதைச் சொல்லும்போது அவர் குரல் மாறவில்லை.

மேலே அவரே சொன்னார். அப்பா எழுதவைத்த காகிதத்தில், இரண்டு படம் எடுத்தார்கள், சட்டை போட்ட படம் உனக்கு வரும் என்று இருந்ததாம். ஒவ்வொரு தபாலுக்கும் போய் நின்றிருக்கிறார். ஒரு நாள் முகாமில் படிக்கிற இடத்தில் தமிழ்ப் பத்திரிகை ஒன்று வந்தது. பக்கத்தில் இருந்தவன் ஒரு பக்கத்தைப் பிரித்துக் காட்டி, எங்க ஊர்ப் பண்ணையிலயும் இப்படித்தான் நிப்பாங்க என்று சொல்லிச் சிரித்தானாம்.

"எங்கப்பான்னு சொல்லலண்ணே. எங்கப்பா சட்டை போட்டு நிக்கிற படம் வருதுன்னு அம்புட்டுப் பேருகிட்டயும் சொல்லி வச்சிருந்தேன். சும்மா பாத்துட்டுக் குடுத்துட்டேன்."

பெற்ற தகப்பனை இன்னார் என்று சொல்ல முடியாதபடி ஒரு மகனை நான் செய்திருக்கிறேன். அதற்கு எனக்குப் பதக்கம் கொடுத்திருக்கிறார்கள்.

சட்டை போட்ட படத்தைக் கொடுங்கள், வீட்டில் வைத்துக் கும்பிட வேண்டும், அதற்குத்தான் வந்தேன் என்றார்.

சொல்வதற்கு அது கடைசிச் சந்தர்ப்பம். நான் சொன்னது, கழுவும்போது அந்த நெகட்டிவ் கெட்டுப்போய்விட்டது என்று. கோடை வெயிலில் தண்ணீர் சூடாகி மருந்துப் பூச்சு உருகிவிடும், எங்கள் தொழிலில் சகஜம் என்று விளக்கம் வேறு சொன்னேன். அவர் நம்பினார். தலையை ஆட்டினார். பிறகு, உங்கள் ஸ்டூடியோவில் சட்டை வரைந்து தருவீர்களாமே, அந்தப் படத்திலேயே அப்பாவுக்கு ஒரு சட்டை போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். வெள்ளைச் சட்டை, கழுத்துவரை பொத்தான் என்றார்.

மூன்று நாள் உட்கார்ந்தேன். வேஷம் என்று நான் காறித் துப்பிய அதே தூரிகை. மாமா பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுப் போவார். கழுத்துப்பட்டி, பொத்தான், மடிப்பு எல்லாம் நான் கண்ணால் பார்த்த சட்டை, அதனால் ஒரு பிசகும் இல்லாமல் வந்தது. விலா எலும்புகளின் மேல் வெள்ளை ஏறியது. ஆனால் மார்பின் குறுக்கே அந்த இரண்டு கைகள் இருந்தன. அவற்றுக்கு முழங்கைவரை சட்டைக் கை வரைந்தேன். கைகள் அப்படியே எதிர்த் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தன. கத்தியால் மெல்லச் சுரண்டி அவற்றைக் கீழே இறக்கிப் பார்க்கலாம் என்று வேறொரு பிரிண்டில் முயன்றேன். கை இல்லாத முண்டம் மாதிரி வந்தது, கிழித்துப் போட்டேன். கக்கத்துத் துண்டை மட்டும் மறைத்தேன். தாழ்ந்த கண்ணைத் தொடவில்லை. தொட்டால் வேறு ஆளாகிவிடும்.

சொன்ன நாளில் மகன் வந்தார். படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். சட்டை சரியாக இருக்கிறது என்றார். மறுபடி பார்த்தார்.

"சட்டை போட்டுக்கிட்டு எங்கப்பா இப்படி நிக்கமாட்டாருண்ணே" என்றார்.

நான் தூரிகையை எடுத்துத் துடைத்தேன்.

"கெட்டுப்போச்சுன்னீகளே, அந்தப் படத்துல எப்படி நின்னாரு?"

நான் எழுந்தேன். வாயால் சொல்ல வரவில்லை. அரண்மனைத் திரைக்கு முன்னால் போய், காலைச் சேர்த்துவைத்து, கைகளைத் தொங்கவிட்டு, மோவாயைத் தூக்கி நின்று காட்டினேன். அந்தச் சிரிப்பையும் சிரித்துப் பார்த்தேன். அது வரவில்லை. அவர் கண்கொட்டாமல் என்னைப் பார்த்தார். என் மேல் எங்காவது அவர் அப்பா தெரிகிறாரா என்று தேடுகிற பார்வை.

"நீங்க பாத்துட்டீக" என்றார் கடைசியில். "நான் பாக்கலையே."

வரைந்த படத்தைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். படியிறங்கும்போது திரும்பி, நீங்க என்னண்ணே செய்வீக, தண்ணி சூடா இருந்தா யாரு என்ன செய்ய முடியும் என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.